கோட்டுரு எங்கே அறும்? இணைப்புத்தன்மையைக் கையால் கணக்கிட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

2022 டிசம்பர் கடைசியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும் வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. வண்டிகள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுவிட்டன. இதே காலத்தில் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே தண்டவாளம் மூடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று சுற்றிக்கொண்டு மதுரைக்கு வந்திருக்கலாம். நேரம் கூடும், அவ்வளவுதான்.

இரண்டுமே ஒரு தண்டவாளத் துண்டுதான். ஆனால் ஒன்று போனால் ஊரே அறுந்துபோகிறது, இன்னொன்று போனால் பயணம் சுற்றுகிறது. வரைபடத்தைப் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்வது பதினைந்து ஊர்களுக்குச் சுலபம். பதினைந்தாயிரம் முனைகள் கொண்ட மின்கட்டமைப்புக்கோ கணினி வலையமைப்புக்கோ கண் போதாது, கணக்குதான் வேண்டும். அந்தக் கணக்குக்குப் பெயர் கோட்டுருவின், அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட கிராஃபின், இணைப்புத்தன்மை.

கல்லூரியில் கிராஃப் தியரி படித்தவர்களில் பலர் "இந்தக் கோட்டுரு இணைந்ததா, இல்லையா" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் அது வாசற்படி மட்டுமே. "எதை எடுத்தால் அறும், எத்தனை எடுத்தால் அறும், எங்கே ஒன்று சேர்த்தால் அறாது" என்பவைதான் பயனுள்ள கேள்விகள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அவற்றைப் பற்றியது. ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கடைசி வரை போவோம். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தால் நன்றாகப் பிடிபடும்.

படி 1: வரைபடத்தைக் கோட்டுருவாக்குங்கள்

கோட்டுருவில் இரண்டே பொருள்கள்: முனைகள், முனைகளை இணைக்கும் விளிம்புகள். தூரம், திசை, வளைவு எதுவும் கணக்கில் வராது. 1736-இல் ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை கடந்து சுற்றி வர முடியுமா என்ற புதிருக்கு விடை கண்டது இப்படி எல்லாவற்றையும் உதறித்தான். நான்கு நிலப்பகுதிகள், ஏழு இணைப்புகள், மற்றது எதுவும் வேண்டாம் என்றார்.

நம் வரைபடத்துக்குத் தென் தமிழ்நாட்டின் ரயில் பாதைகளை எடுத்துக்கொள்வோம். முனைகள் 14: திருச்சி, திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, காரைக்குடி, விருதுநகர், மணியாச்சி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, திருச்செந்தூர், ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம். இடையில் வரும் சிறு நிலையங்களை விட்டுவிடுகிறோம். இரண்டே பக்கம் பாதை உள்ள நிலையத்தை விளிம்புக்குள் கரைத்துவிட்டால், மிச்சமுள்ள ஊர்களைப் பற்றிய விடைகள் மாறாது.

விளிம்புகள் 16:

திருச்சி – திண்டுக்கல்
திண்டுக்கல் – மதுரை
மதுரை – மானாமதுரை
மானாமதுரை – காரைக்குடி
காரைக்குடி – திருச்சி
மதுரை – விருதுநகர்
விருதுநகர் – மானாமதுரை (அருப்புக்கோட்டை வழி)
விருதுநகர் – மணியாச்சி (கோவில்பட்டி வழி)
மணியாச்சி – திருநெல்வேலி
திருநெல்வேலி – தென்காசி
தென்காசி – விருதுநகர் (ராஜபாளையம், சிவகாசி வழி)
மணியாச்சி – தூத்துக்குடி
திருநெல்வேலி – திருச்செந்தூர்
மானாமதுரை – ராமநாதபுரம்
ராமநாதபுரம் – மண்டபம்
மண்டபம் – ராமேஸ்வரம்

இது முழு வரைபடம் அல்ல. போடிநாயக்கனூர் பாதை இதில் இல்லை, நாகர்கோவில் இல்லை, செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் போகும் பாதையும் இல்லை. எல்லையை எங்கே வெட்டினோம் என்பது விடையையே மாற்றும். அது எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

படி 2: இணைந்திருக்கிறதா?

எந்த இரண்டு முனைகளை எடுத்தாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாதை இருந்தால் கோட்டுரு இணைந்தது. இல்லையென்றால் அது பல கூறுகளாகப் பிரிந்து கிடக்கிறது என்று பொருள்.

சோதிப்பது எளிது. ஏதாவது ஒரு முனையில் தொடங்குங்கள். அதன் அண்டை முனைகளைக் குறியுங்கள், அப்புறம் அவற்றின் அண்டை முனைகள், இப்படியே. இனிக் குறிக்க எதுவும் இல்லாதபோது நிறுத்துங்கள். எல்லா முனையும் குறிக்கப்பட்டிருந்தால் இணைந்தது. விடுபட்டவை இருந்தால் அவற்றில் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எத்தனை முறை தொடங்கினீர்களோ அத்தனை கூறுகள். ஒவ்வொரு முனையையும் ஒரு தடவை, ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பார்க்கிறோம். ஆகவே வேலை, முனைகளும் விளிம்புகளும் சேர்ந்த எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில்தான் வளரும்.

விளிம்புகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் சூழலில் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தேடுவது வீண். அங்கே யூனியன்-ஃபைண்ட் அமைப்புதான் சரி: ஒவ்வொரு கூறுக்கும் ஒரு தலைவன், புது விளிம்பு வந்தால் இரண்டு தலைவர்களை ஒன்றாக்கு. இதில் விளிம்பை நீக்க முடியாது என்பது ஒரு குறை. நீக்கங்களின் பட்டியல் முன்கூட்டியே கையில் இருந்தால் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள், நீக்கம் எல்லாம் சேர்த்தலாக மாறிவிடும். போட்டி நிரலாக்கத்தில் இருப்பவர்கள் அடிக்கடி கையாளும் உத்தி இது.

தேடாமலேயே சில சமயம் விடை சொல்லிவிடலாம். முனைகள் 14 என்றால் குறைந்தது 13 விளிம்புகள் இல்லாமல் இணைப்பு சாத்தியமில்லை. மறுபக்கம், 13 முனைகளை ஒன்றோடொன்று முழுக்க இணைத்து ஒன்றை மட்டும் தனியே விட்டால் 13 × 12 ÷ 2 = 78 விளிம்புகள். பிரிந்து கிடக்கும் கோட்டுருவுக்கு அதுதான் உச்சம். எனவே இணை விளிம்புகள் (அதே இரண்டு முனைகளுக்கு இடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளிம்புகள்) இல்லாத கோட்டுருவில் 79 விளிம்புகள் இருந்தால் எப்படி வரைந்தாலும் அது இணைந்ததே. நம்முடையது 16. இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தேடித்தான் பார்க்க வேண்டும். தேடினால் 14-ம் ஒரே கூறு.

படி 3: ஒன்றை எடுத்தால் என்ன ஆகும்?

எந்த விளிம்பை நீக்கினால் கூறுகளின் எண்ணிக்கை கூடுமோ அது பாலம். எந்த முனையை, அதைத் தொடும் விளிம்புகளோடு, நீக்கினால் கூறுகள் கூடுமோ அது வெட்டு முனை. மண்டபம் – ராமேஸ்வரம் விளிம்பு கணிதப் பொருளிலும் பாலம்தான், ஆனால் அங்கே கடல் மேல் பாலம் கட்டியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தரையில் ஓடும் மணியாச்சி – தூத்துக்குடி பாதையும் அதே அளவுக்குப் பாலம்.

பாலத்தை அடையாளம் காண ஒரு நல்ல விதி: சுற்று எதிலும், அதாவது போன விளிம்பில் மறுபடி போகாமல் கிளம்பிய முனைக்கே திரும்பும் பாதை எதிலும், இடம்பெறாத விளிம்புதான் பாலம். சுற்றில் இருக்கும் விளிம்பை எடுத்தால் சுற்றின் மிச்சப் பகுதி மாற்றுப் பாதையாகிவிடும்.

எந்த வகை விளிம்புகளைச் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. ரயிலையும் சாலையையும் சேர்த்து ஒரே கோட்டுருவாக வரைந்தால் மண்டபத்துக்கும் தீவுக்கும் இடையே இரண்டு இணை விளிம்புகள் வந்துவிடும், இரண்டில் எதுவும் பாலமாக இருக்காது. 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலம் சேதமடைந்தபோது அப்படி இரண்டாவது விளிம்பு இல்லை. அந்தப் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயில் பாதை அழிந்தது, பிறகு அது மீண்டும் போடப்படவே இல்லை.

பாலங்களைக் கண்டுபிடிக்க நேரான வழி, ஒவ்வொரு விளிம்பாக நீக்கிவிட்டுப் படி 2-ஐ ஓட்டுவது. நமக்கு 16 தடவை, பரவாயில்லை. பத்து லட்சம் விளிம்புகள் இருந்தால் பத்து லட்சம் தேடல். இதை ஒரே தேடலில் முடிக்கலாம் என்று 1970-களின் தொடக்கத்தில் காட்டியவர்கள் ஜான் ஹாப்கிராஃப்டும் ராபர்ட் டார்ஜானும். 1986-இல் இருவருக்கும் சேர்த்து, கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. நிதானமாகப் பார்ப்போம்.

படி 4: ஒரே நடையில் எல்லாப் பாலங்களும்

ஆழத் தேடல் செய்ய வேண்டும், அதாவது டிஎஃப்எஸ். ஒரு முனைக்குப் போனதும் இன்னும் பார்க்காத அண்டை முனைக்கு உடனே இறங்குங்கள். இறங்க வழியில்லை என்றால் வந்த வழியே ஒரு படி மேலேறி அடுத்த அண்டை முனையைப் பாருங்கள். முதன்முதலில் கால் வைக்கும் வரிசையில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு வருகை எண் கொடுங்கள்.

இறங்கப் பயன்பட்ட விளிம்புகள் சேர்ந்து, சுற்றே இல்லாமல் கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரமாகும். அதில் ஒரு முனையிலிருந்து நேரே இறங்கிய முனை அதன் பிள்ளை, மேலே உள்ளது தாய். மற்ற விளிம்புகள் ஏற்கெனவே பார்த்த முனைக்குத் திரும்பிப் போகும் மீள் விளிம்புகள். திசையில்லாத கோட்டுருவில் மீள் விளிம்பு எப்போதும் ஒரு முனையை அதன் முன்னோரோடு, அதாவது மரத்தில் அதற்கு நேர்மேலே வரும் முனைகளில் ஒன்றோடு, மட்டுமே இணைக்கும். ஒரு கிளையிலிருந்து பக்கத்துக் கிளைக்குத் தாவும் விளிம்பு இருக்கவே முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று இருந்திருந்தால் முதல் கிளையில் இருந்தபோதே அதன் வழியாக இறங்கியிருப்போம். முழுக் கணக்கும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

இப்போது ஒவ்வொரு முனைக்கும் இன்னொரு எண், தாழ் எண். அந்த முனையிலிருந்து மரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கீழே இறங்கி, அங்கிருந்து ஒரே ஒரு மீள் விளிம்பு வழியாக மேலே போனால் எட்டக்கூடிய மிகச் சிறிய வருகை எண் எதுவோ அது. எங்கும் மேலே போக முடியாவிட்டால் தன் சொந்த வருகை எண்ணே தாழ் எண்.

திருச்சியில் தொடங்குவோம். திருச்சி 1, திண்டுக்கல் 2, மதுரை 3, மானாமதுரை 4, காரைக்குடி 5. காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு விளிம்பு இருக்கிறது, திருச்சி ஏற்கெனவே பார்த்தது. ஆகவே காரைக்குடியின் தாழ் எண் 1. இனி இறங்க வழியில்லை, மானாமதுரைக்குத் திரும்புகிறோம்.

மானாமதுரையிலிருந்து விருதுநகர் 6. அங்கே முதலில் மதுரை விளிம்பைப் பார்க்கிறோம். மதுரை ஏற்கெனவே பார்த்தது, வருகை எண் 3. எனவே விருதுநகரின் தாழ் எண் இப்போதைக்கு 3. அடுத்து மணியாச்சி 7, அங்கிருந்து தூத்துக்குடி 8. தூத்துக்குடியிலிருந்து வேறு எங்கும் போக முடியாது, தாழ் எண் 8. மணியாச்சிக்குத் திரும்பித் திருநெல்வேலி 9, திருச்செந்தூர் 10. திருச்செந்தூரும் முட்டுச் சந்து, தாழ் எண் 10. திருநெல்வேலிக்குத் திரும்பித் தென்காசி 11. தென்காசியிலிருந்து விருதுநகருக்கு மீள் விளிம்பு, தாழ் எண் 6.

இனி மேலேறும்போது பிள்ளையின் தாழ் எண் தன்னுடையதைவிடச் சிறியதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிக்கு 6, மணியாச்சிக்கு 6. விருதுநகருக்கு ஏற்கெனவே 3 இருப்பதால் மாற்றமில்லை. மானாமதுரைக்கு வந்ததும் மிச்சமிருக்கும் கிளை: ராமநாதபுரம் 12, மண்டபம் 13, ராமேஸ்வரம் 14. இவற்றில் மீள் விளிம்பே இல்லை, தாழ் எண்கள் அதே 12, 13, 14. மானாமதுரையின் தாழ் எண் காரைக்குடி புண்ணியத்தில் 1. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் 1.

நடை முடிந்தது. விடையை இரண்டு விதிகள் சொல்லும்.

பாலத்துக்கான விதி: மரத்தில் தாயிலிருந்து பிள்ளைக்கு இறங்கும் விளிம்பில், பிள்ளையின் தாழ் எண் தாயின் வருகை எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் அது பாலம். பிள்ளையின் கிளையிலிருந்து தாய்க்கோ அதற்கு மேலோ போக வேறு வழியில்லை என்பதுதான் இதன் பொருள். மணியாச்சி – தூத்துக்குடி: 8 > 7, பாலம். திருநெல்வேலி – திருச்செந்தூர்: 10 > 9, பாலம். மானாமதுரை – ராமநாதபுரம்: 12 > 4, பாலம். அதற்கப்புறம் ராமேஸ்வரம் வரை இரண்டும் பாலங்கள். மொத்தம் 5. விருதுநகர் – மணியாச்சியில் 6 > 6 என்பது பொய், எனவே அது பாலம் இல்லை.

வெட்டு முனைக்கான விதி: தொடக்க முனை அல்லாத ஒரு முனைக்கு, தாழ் எண் தன் வருகை எண்ணுக்குச் சமமாகவோ பெரியதாகவோ உள்ள ஒரு பிள்ளையாவது இருந்தால் அது வெட்டு முனை. "சமமாகவோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ஒரு சமக்குறியில்தான் விருதுநகர் மாட்டுகிறது: மணியாச்சியின் தாழ் எண் 6, விருதுநகரின் வருகை எண் 6. கூடவே மணியாச்சி, திருநெல்வேலி, மானாமதுரை, ராமநாதபுரம், மண்டபம். மொத்தம் 6 வெட்டு முனைகள்.

தொடக்க முனைக்குத் தனி விதி: மரத்தில் அதற்கு இரண்டு பிள்ளைகளாவது இருந்தால்தான் வெட்டு முனை. திருச்சிக்கு ஒரே பிள்ளை, எனவே இல்லை. சந்தேகமிருந்தால் விருதுநகரிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மதுரை வழியாக இறங்கினால் வடக்குப் பகுதி முழுவதும் முடிந்து திரும்பும்போதும் மணியாச்சி பார்க்கப்படாமலே நிற்கும். அது இரண்டாவது பிள்ளையாகும், விடை மாறாது.

விருதுநகரைத் தொடும் நான்கு விளிம்புகளில் ஒன்றுகூடப் பாலம் இல்லை. ஆனாலும் அந்தச் சந்திப்பு மூடப்பட்டால் தெற்கே உள்ள ஐந்து ஊர்களும் தனியாகிவிடும். விளிம்புகளை மட்டும் சோதித்துவிட்டு "பாலம் இல்லாத இடம் பாதுகாப்பானது" என்று முடிவு செய்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். இன்னொரு பக்கம், இந்தப் பகுதியின் பெரிய சந்திப்பான மதுரை, நம் வரைபடத்தில் வெட்டு முனை இல்லை. அதை எடுத்தாலும் மானாமதுரை வழியாக எல்லாம் இணைந்தே இருக்கும். பெரிய முனை வேறு, இன்றியமையாத முனை வேறு.

படி 1-இல் சொன்ன எல்லை விஷயம் இங்கே வருகிறது. போடிநாயக்கனூர் பாதையைச் சேர்த்தால் மதுரை வெட்டு முனையாகிவிடும். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில், திருவனந்தபுரம், கேரளம், பாலக்காடு, பழனி வழியாகத் திண்டுக்கல் வரும் நீண்ட வளையத்தைச் சேர்த்தால் விருதுநகர் வெட்டு முனையாக இருக்காது. இரண்டு விடைகளும் சரி, கேள்விகள்தான் வேறு. யாராவது ஒரு வலையமைப்பின் பலவீனப் புள்ளிகளைப் பட்டியலிட்டால் வரைபடம் எங்கே வெட்டப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

படி 5: நிரலாக எழுதும்போது

செயல்முறை சுருக்கமாக:

முனையில் நுழை; வருகை எண், தாழ் எண் இரண்டையும் அடுத்த எண்ணாக வை.
ஒவ்வொரு விளிம்புக்கும்:
– வந்த விளிம்பே என்றால் விடு.
– மறுமுனை பார்த்தது என்றால் தாழ் எண்ணை மறுமுனையின் வருகை எண்ணோடு ஒப்பிட்டுச் சிறியதை வை.
– பார்க்காதது என்றால் அதற்குள் இறங்கு. திரும்பியதும் அதன் தாழ் எண்ணோடு ஒப்பிட்டுச் சிறியதை வை. இரண்டு விதிகளையும் சோதி.

இரண்டாவது வரியில் "மறுமுனையின் வருகை எண்" என்பதற்குப் பதிலாகத் தாழ் எண் என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. பாலங்கள் சரியாகவே வந்துவிடும், அதனால் பிழை கண்ணில் படாது. வெட்டு முனைகள்தான் தப்பும். நம் வரைபடத்திலேயே பாருங்கள்: தென்காசி விருதுநகரைப் பார்க்கும்போது 6-க்குப் பதில் விருதுநகரின் தாழ் எண் 3-ஐ எடுத்துக்கொண்டால், அது மணியாச்சி வரை ஏறி, மணியாச்சியின் தாழ் எண் 3 ஆகிவிடும். 3 ≥ 6 பொய், விருதுநகர் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும்.

"வந்த விளிம்பே என்றால் விடு" என்பதை "தாய் முனை என்றால் விடு" என்று எழுதுவது இரண்டாவது பிழை. இரண்டு ஊர்களுக்கு இடையே இரண்டு இணை விளிம்புகள் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, பாலம் இல்லாததைப் பாலம் என்று சொல்லிவிடும். விளிம்புகளுக்கு எண் கொடுத்து அந்த எண்ணை ஒப்பிடுங்கள். பைத்தானில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தன்னைத்தானே அழைக்கும் ஆழத்துக்கு இயல்பான வரம்பு 1000. நீண்ட சங்கிலியான கோட்டுருவில் அது உடனே முட்டும். அடுக்கு (ஸ்டாக்) ஒன்றை வைத்து மடக்காக (லூப்) எழுதுவதே நல்லது.

படி 6: எத்தனை எடுத்தால் அறும்?

ஐந்து பாலங்களையும் அவற்றுக்கப்பால் தொங்கும் ஊர்களையும் நீக்கிவிட்டு, நடுவில் உள்ள 9 முனைகளை மட்டும் பாருங்கள். இதை அறுக்கக் குறைந்தது எத்தனை விளிம்புகளை எடுக்க வேண்டும்? 2. இது விளிம்பு இணைப்பெண். எத்தனை முனைகளை எடுக்க வேண்டும்? விருதுநகர் ஒன்றே போதும், எனவே முனை இணைப்பெண் 1. எந்த முனையிலும் தொடும் விளிம்புகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை 2. எந்தக் கோட்டுருவிலும் முனை இணைப்பெண் விளிம்பு இணைப்பெண்ணைத் தாண்டாது, விளிம்பு இணைப்பெண் அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாண்டாது என்று 1932-இல் ஹாஸ்லர் விட்னி நிறுவினார். இங்கே 1, 2, 2.

இதன் மறுபக்கம்தான் அழகு. 1927-இல் கார்ல் மெங்கர் கண்டது: இரண்டு முனைகளைப் பிரிக்க எத்தனை விளிம்புகளை எடுக்க வேண்டுமோ, சரியாக அத்தனை பாதைகளை ஒரு விளிம்பைக்கூடப் பகிராமல் அவற்றுக்கிடையே வரையலாம். முனைகளுக்கும், நேரடி விளிம்பு இல்லாத இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டால், இதே கூற்று பொருந்தும். அறுப்பதற்கான கணக்கும் மாற்றுப் பாதைக்கான கணக்கும் ஒன்றே என்கிறது இந்தத் தேற்றம்.

திருச்சி – திருநெல்வேலி எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். முதல் பாதையாகக் கண்ணில் பட்டதை எடுக்கிறோம்: திருச்சி, திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, விருதுநகர், மணியாச்சி, திருநெல்வேலி. இரண்டாவது பாதை திருச்சி, காரைக்குடி, மானாமதுரை வரை வந்து சிக்கிக்கொள்கிறது, ஏனென்றால் விருதுநகர் போகும் விளிம்பு ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஒரு பாதைதான் என்று முடித்துவிடலாமா? கூடாது. ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1956-இல் தந்த முறை இங்கே கைகொடுக்கிறது: முதல் பாதை பயன்படுத்திய விளிம்பில் எதிர்த்திசையில் போக அனுமதி உண்டு, அப்படிப் போனால் அந்த விளிம்பு இரண்டு பாதைகளிலிருந்தும் ரத்தாகும். மானாமதுரையிலிருந்து எதிர்த்திசையில் மதுரைக்குப் போகிறோம், அங்கிருந்து விருதுநகர், தென்காசி, திருநெல்வேலி. மதுரை – மானாமதுரை விளிம்பு ரத்து. மிச்சத்தைப் பிரித்துச் சேர்த்தால் இரண்டு சுத்தமான பாதைகள்: திண்டுக்கல், மதுரை, விருதுநகர், மணியாச்சி வழி ஒன்று, காரைக்குடி, மானாமதுரை, விருதுநகர், தென்காசி வழி இன்னொன்று.

இரண்டுமே விருதுநகரைத் தொடுகின்றன. முனையையும் பகிரக் கூடாது என்று கேட்டால் விடை 1-தான். அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு முனையையும் உள்-முனை, வெளி-முனை என்று இரண்டாகப் பிளந்து, நடுவே ஒரு தடவை மட்டுமே பயன்படுத்தக்கூடிய விளிம்பைப் போட்டுவிட்டு இதே முறையை ஓட்டினால் போதும்.

படி 7: விளிம்புகளுக்குத் திசை இருந்தால்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், இது தனிக் கட்டுரைக்கான பொருள். திசை உள்ள கோட்டுருவில் போக முடிவதும் திரும்பி வர முடிவதும் வேறு வேறு. இரண்டும் எல்லா ஜோடிகளுக்கும் முடிந்தால் அது வலுவாக இணைந்தது. வலுவான கூறுகளைக் கண்டுபிடிக்க டார்ஜானின் 1972 முறை தாழ் எண்ணையே வேறு வடிவில் பயன்படுத்துகிறது. கோசராஜுவின் முறை நினைவில் வைக்க இன்னும் எளிது: ஒரு ஆழத் தேடல் செய்து முனைகள் முடிந்த வரிசையைக் குறித்துக்கொள், எல்லா விளிம்புகளையும் திருப்பிப் போடு, கடைசியில் முடிந்ததிலிருந்து மறுபடி தேடு. இரண்டாவது தேடலின் ஒவ்வொரு மரமும் ஒரு வலுவான கூறு.

பாலங்களோடு இதற்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ஒரு நகரத்தின் எல்லாத் தெருக்களையும் ஒருவழிப் பாதையாக்கி, ஆனாலும் எங்கிருந்தும் எங்கும் போக முடிய வேண்டும் என்றால், இணைந்த அந்தத் தெருக் கோட்டுருவில் பாலமே இருக்கக் கூடாது. பாலம் இல்லையென்றால் எப்போதும் முடியும். 1939-இல் ஹெர்பர்ட் ராபின்ஸ் நிறுவியது இது. திசை கொடுப்பதும் சுலபம்: மர விளிம்புகளைக் கீழ்நோக்கியும் மீள் விளிம்புகளை மேல்நோக்கியும் வைத்தால் போதும். நம் 9 முனைகளில் செய்து பாருங்கள், மூன்று சுற்றுகளும் தானாகவே சுழலத் தொடங்கும்.

படி 8: எங்கே ஒன்று சேர்க்கலாம்?

பாலங்கள் எங்கே என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, அவற்றை எப்படி இல்லாமல் ஆக்குவது. பாலம் அல்லாத விளிம்புகளால் இணைந்த முனைகளை ஒரே புள்ளியாகச் சுருக்குங்கள். மிஞ்சுவது பாலங்களால் ஆன ஒரு மரம். நமக்கு நடுவில் 9 ஊர்கள் சேர்ந்த ஒரு பெரும்புள்ளி, அதிலிருந்து தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று இரண்டு கிளைகள், ராமநாதபுரம் வழி ராமேஸ்வரம் வரை ஒரு கிளை. நுனிகள் மூன்று. எல்லாப் பாலங்களும் மறைய, நுனிகளின் எண்ணிக்கையில் பாதி, பின்னம் வந்தால் அடுத்த முழு எண், அத்தனை புது விளிம்புகள் தேவை, அவ்வளவே போதும் என்று 1976-இல் ஈஸ்வரனும் டார்ஜானும் காட்டினார்கள். நமக்கு 2. தூத்துக்குடி – திருச்செந்தூர் ஒன்று, ராமேஸ்வரத்திலிருந்து நடுப்பகுதிக்கு ஒன்று. இரண்டாவதற்குக் கடலில் இன்னொரு ரயில் பாலம் கட்ட வேண்டும். செலவைப் பற்றிக் கோட்டுருவுக்குக் கவலையில்லை, நமக்கு உண்டு.

ஒரே ஒரு விளிம்புதான் சேர்க்கலாம், அதுவும் தரையில்தான் என்றால்? கிழக்குக் கடற்கரையோரம் ரயில் பாதை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அதிலிருந்து ராமநாதபுரம் – தூத்துக்குடி துண்டை மட்டும் 17-வது விளிம்பாகச் சேர்த்து, படி 4-ஐ மறுபடி ஓட்டுங்கள். மானாமதுரை – ராமநாதபுரம், மணியாச்சி – தூத்துக்குடி இரண்டும் சுற்றுக்குள் வந்துவிடும், பாலங்கள் 5-லிருந்து 3 ஆகும். வெட்டு முனைகள் 6-லிருந்து 3 ஆகும்: திருநெல்வேலி, ராமநாதபுரம், மண்டபம் மட்டும். பட்டியலிலிருந்து வெளியேறும் மூன்றில் மானாமதுரையும் மணியாச்சியும் புதுப் பாதை தொட்ட கிளைகளின் அடியில் இருப்பவை, எதிர்பார்த்ததுதான். மூன்றாவது, அந்தப் பாதை நேராகத் தொடாத விருதுநகர்.